ஒரு மீட்டர் சமாசாரம்

வீடு கட்டுகிறவர்கள் நாள் பார்க்கிறார்கள், வாஸ்து பார்க்கிறார்கள், எங்கே தண்ணீர் வரும் என்று உள்ளங்கையில் தேங்காயை நிற்க வைத்துப் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனை மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்! ஈசானியத்துக்கு ஒரு மூலை, அக்னிக்கு ஒரு மூலை, குபேரனுக்கு ஒரு மூலை என்று ஒதுக்கியாகிவிடுகிறது. அடுத்த வீட்டு ஆசாமிக்கு மிச்சம் மதில் சுவர்தான். அதிலும் பாதி 'எங்க சைடு'.

இந்த வாரம் இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி வீடு கட்டுகிறார்.

அண்ணாச்சியைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் இடம் கிடைக்காது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அப்பாவின் கம்பெனியை இழுத்து மூடி ஏழு மாதம் சம்பளம் வராதபோது, எங்கள் வீட்டு நோட்டில் கூட்டல் போட்டுக்கொண்டே போனாரே தவிர, ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. பிற்பாடு ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவருடைய சரக்கு ஆட்டோதான். அப்பா திரும்பி வரவில்லை. கூடவே இருந்து எல்லாக் காரியத்தையும் பார்த்தவர் அண்ணாச்சி.

இப்பேர்ப்பட்ட மனிதர் மேல் ஒரு ஆட்சேபணை மனு எழுத வேண்டும் என்றால், நீங்களே சொல்லுங்கள், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பீர்கள்? 'பெறுநர்' என்று எழுதும்போதே எனக்குக் கை வியர்த்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவர் பையனுக்கு வருகிற தையில் கல்யாணம். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, தரைத்தளமும் ஒரு மாடியுமாகப் புது வீடு. வரைபடத்தை லட்டோடு கொண்டுவந்து காட்டினார்.

"கம்ப்யூட்டர்லயே வந்துட்டு தம்பி. ஆபீஸ் பக்கமே போகல!"

நிஜம்தான். 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால், பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாவற்றையும் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றிப் பணத்தைக் கட்டினால் உடனே அனுமதி. 'விதிப்படிதான் கட்டுவேன்' என்று கட்டுகிறவரே உறுதி தருகிறார். உங்கள் கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட்டை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி! நான் இதற்கு எதிரி இல்லை. ஒரு சின்ன வீட்டுக்காக மேஜை மேஜையாக நடந்து செருப்புத் தேய்ந்தவர்களைக் கேட்டால் இதன் அருமையைச் சொல்வார்கள். ஆனால், இந்த ஏற்பாட்டில் பக்கத்து வீட்டுக்காரன் வருகிற சீனே கிடையாது. (பழைய ஏற்பாட்டிலும் அவனைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை என்பது வேறு.) நிலத்தின் உபயோகத்தை மாற்றினால் பேப்பரில் விளம்பரம் போட்டு ஆட்சேபணை கேட்கிறார்கள். பக்கத்தில் ஒரு வீடு எழும்புவதற்கு அதெல்லாம் இல்லை.

லண்டனில் இருக்கிற என் காலேஜ் சிநேகிதனிடம் இதைச் சொன்னேன். அங்கே யாராவது வீட்டை விஸ்தரிக்க விண்ணப்பித்தால் கவுன்சிலிலிருந்து அக்கம்பக்கத்துக்குக் கடிதம் வரும், அல்லது தெருவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். கருத்துச் சொல்ல 21 நாள். 'என் ஜன்னல் வெளிச்சம் போகிறது', 'என் பெட்ரூமை எட்டிப் பார்க்கிற மாதிரி ஜன்னல் வைக்கிறார்கள்' என்றால் செல்லும். 'என் வீட்டு விலை குறையும்', 'நான் பார்த்துக்கொண்டிருந்த தோட்டம் மறையும்' என்றால் செல்லாது. எழுதியதை யார் வேண்டுமானாலும், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் உள்பட, படிக்கலாம். சின்னச் சின்ன விஸ்தரிப்புக்கு அங்கேயும் அனுமதியே வேண்டாமாம். ஆனால் பள்ளம் தோண்டுவதற்குத் தனிச் சட்டம், 1996-ல் போட்டது. உங்கள் கட்டடத்துக்கு 3 மீட்டருக்குள், உங்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதாக இருந்தால், ஒரு மாதம் முன்னாலேயே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும்.

எனக்கு வந்த நோட்டீஸ் சுண்ணாம்புக் கோடு! ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே மதில் சுவரை எட்டிப் பார்த்தேன். மேஸ்திரி தூண்களுக்குக் கோடு போட்டு, இரண்டு பள்ளம் எடுத்தும் விட்டார். வரைபடத்தில் எங்கள் பக்கம் விட்டிருந்த இடம் ஒரு மீட்டர், அதாவது மூணேகால் அடி. டேப் வைத்து அளந்தால் ஒண்ணேகால் அடி. பாக்கி இரண்டு அடி எங்கே போயிற்று? மருமகளுக்கு அட்டாச்சுடு பாத்ரூம்.

பள்ளிக்கூட சிநேகிதன் ஒருத்தன் சிவில் டிப்ளமா. கூட்டிவந்து காட்டினேன். "உங்க வீடு எப்ப கட்டினது?" "1988." "தூண் கிடையாது, சுவர்தான் தாங்குது. அஸ்திவாரம் மூணடி இருந்தா அதிகம். இந்தப் பள்ளம் அஞ்சடி. மதிலை ஒட்டி அஞ்சடி எடுத்து, அதுல ஐப்பசி மழைத் தண்ணி நாலு நாள் நின்னா, உங்க சுவரு உன்னைக் கேக்காமயே அந்தப் பக்கம் போயிடும்டா."

அம்மாவுக்குப் பள்ளம் பெரிதாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு சமையலறை ஜன்னல். அப்பா வீடு கட்டும்போது மேஸ்திரியோடு சண்டை போட்டு நாலுக்கு நாலாக வைத்த ஜன்னல். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மா அரிசியில் கல் பார்ப்பது, கீரை ஆய்வது, ரேஷன் கார்டு எங்கே என்று தேடுவது எல்லாம் அந்த வெளிச்சத்தில்தான். மனுவில் சேர்க்கச் சொல்லி என்னிடம் பதினொரு குறை சொன்னாள். தென்னை மரம் மறையும். காக்காய் சாதம் எடுக்க வராது. அவர்கள் பாத்ரூமும் நம் அடுப்பும் எதிர் எதிர். அவர்கள் வீட்டுத் தாளிப்பு வாசனை வரும். அந்தம்மா மாடியிலிருந்து நம் வீட்டில் என்ன சமையல் என்று பார்ப்பாள்...

"இதெல்லாம் சட்டத்துல நிக்காதும்மா" என்றேன்.

"காக்கா வராதுங்கிறது உண்மைதானேடா?"

உண்மை வேறு, மனு வேறு. மனுவில் டேப்பால் அளக்க முடிந்தது மட்டும்தான் நிற்கும். ஜன்னலுக்கு ஒரு பழைய சட்டம் கை கொடுக்கிறது. 1882-ம் வருஷத்து அனுபோக உரிமைச் சட்டம். முதலில் அமலுக்கு வந்த இடங்களில் நம் மதராஸும் உண்டு. ஒரு கட்டடத்துக்கு 20 வருஷம் தடையில்லாமல், தகராறில்லாமல், உரிமையாக வந்துகொண்டிருக்கிற வெளிச்சமும் காற்றும் சட்டப்படியே உரிமையாகிவிடும் என்கிறது அதன் 15-வது பிரிவு. பக்கத்து மண் உங்கள் கட்டடத்துக்குத் தருகிற தாங்கலுக்கும் அதே 20 வருஷக் கணக்குதான். ஆனால் கோர்ட்டுக்குப் போனால், 'முன்னைவிடக் குறைச்சல்' என்பது போதாது. கணிசமான பாதிப்பு என்று காட்ட வேண்டும். தென்னை மரத்தைப் பார்க்கிற உரிமை எந்தப் பிரிவிலும் இல்லை. நான் பி.காம். பெறுபவரைப் பற்று வை, கொடுப்பவரை வரவு வை என்று படித்தவன். அங்கே பாத்ரூமாக ஏறுகிற இரண்டு அடி, இங்கே எந்தக் கணக்கில் கழிகிறது என்று எழுத வேண்டாமா?

மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டு தெருவே ஆலோசனை சொல்ல வந்தது. ரிட்டயரான ஒருவர், "பேர் போடாம எழுதுங்க. 'பொதுநலன் விரும்பி'ன்னு போட்டா போதும்" என்றார். எனக்கு மொட்டைக் கடுதாசியில் நம்பிக்கை இல்லை. முதல் காரணம், அதற்கு மதிப்பில்லை. இரண்டாவது, அண்ணாச்சி வீட்டுச் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் உள்ள இடத்தைப் பற்றி யார் எழுதியிருப்பார்கள் என்று கண்டுபிடிக்க சி.பி.ஐ. தேவையில்லை!

இன்னொருவர், "கட்டி முடிக்கட்டும் சார், அப்புறம் கேஸ் போடுங்க, வசமா மாட்டுவார்" என்றார். இவர் சொல்கிறபடி கேட்டால் மாட்டுவது நாம்தான். 1971-ம் வருஷத்து நகர், ஊரமைப்புச் சட்டத்தில் இதற்கென்றே இரண்டு பிரிவு இருக்கிறது. மீறிக் கட்டியதை எடுக்கச் சொல்ல 56. நடக்கிற வேலையை நிறுத்தச் சொல்ல 57. இதில் 57 மலிவு, 56 மகா விலை. நிற்கிற சுவரை இடிக்க இந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. அதே சட்டத்தில் பிற்பாடு 113-ஏ என்று ஒன்றைச் சேர்த்து, மீறிக் கட்டியவர்களிடம் 1999-லிருந்து பணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தினார்கள். ஒரே ஒரு தடவைதான் என்பதால் 2000-ல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. அந்த ஒரே தடவையைத் திரும்பத் திரும்ப நீட்டினார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் நீட்டிப்புகளை ரத்து செய்தது. பிறகு 113-சி வந்தது. 2007 ஜூலை 1-க்கு முன்னால் கட்டியவர்களுக்காக. ஆக, சிமென்ட் காய்ந்துவிட்டால் அரசாங்கத்துக்கே இரக்கம் வந்துவிடுகிறது. சொல்ல வேண்டியதைச் சுண்ணாம்புக் கோட்டிலேயே சொல்லிவிட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி வரைபட நகல் கேட்கலாம்தான். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் தூண் உங்கள் தோளுக்கு வந்திருக்கும். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. லட்டோடு காட்டியபோதே, "போட்டோ எடுத்துக்கோங்க தம்பி" என்று அண்ணாச்சியே சொல்லியிருந்தார்.

மனு ஒரு பக்கம்தான் வந்தது. அனுமதி எண், தேதி, வரைபடத்தில் ஒரு மீட்டர், தரையில் ஒண்ணேகால் அடி, பள்ளத்தின் ஆழம், எங்கள் சுவரிலிருந்து தூரம், டேப்போடு எடுத்த நாலு போட்டோ. அண்ணாச்சியின் குணம் பற்றி ஒரு வரி கிடையாது. 'வேண்டுமென்றே', 'ஆக்கிரமிப்பு' போன்ற வார்த்தைகளை எழுதி எழுதி அடித்தேன். ஸ்பீடு போஸ்ட் கவரும் தயார். அதை எடுத்துக்கொண்டு நேரே போஸ்ட் ஆபீஸ் போகவில்லை. மளிகைக் கடைக்குப் போனேன்.

சனிக்கிழமை சாயங்காலம். கடையில் கூட்டம். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பில் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். நடுவில் ஒரு அம்மாவுக்குத் துவரம்பருப்பு அரை கிலோ நிறுத்துக் கொடுத்தார். மறுபடி படித்தார்.

"இது போயிட்டா?"

"இல்ல அண்ணாச்சி. உங்ககிட்ட காட்டாம அனுப்ப மாட்டேன். ஆனா திங்கக்கிழமை அனுப்பிடுவேன்."

"வாயால சொல்லியிருக்கலாம்லா தம்பி?"

"வாயால சொன்னா சண்டைன்னு ஆயிடும். இதுல அளவு மட்டும்தான் இருக்கு."

அவர் பதில் சொல்லவில்லை. காகிதத்தை நாலாக மடித்துக் கல்லாவில் வைத்துக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அந்தக் கல்லாவில்தான் ஒருகாலத்தில் எங்கள் வீட்டு ஏழு மாதக் கணக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மதில் பக்கம் சத்தம். அண்ணாச்சி கையில் டேப். மேஸ்திரி, "எல்லாரும் இப்படித்தான் சார் கட்டுறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் கடையில எடையைக் குறைச்சுப் போட்டுட்டு, எல்லாரும் போடுதான்னு சொன்னா நீ விட்டுருவியாடே?"

மூன்று தூண் உள்ளே தள்ளிப் போயிற்று. தோண்டிய இரண்டு பள்ளத்தையும் மண் கொட்டிக் கெட்டித்து மூடினார்கள். கூலி, ஜேசிபி எல்லாம் சேர்த்து இருபத்தெட்டாயிரம் தண்டம் என்று அண்ணாச்சி என்னிடம் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார். மருமகள் வீட்டாருக்கு வாக்குக் கொடுத்த பாத்ரூம் இப்போது ஒருத்தர் திரும்பி நிற்கிற அளவு. கவர் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதை அனுப்ப அவசியம் வரவில்லை.

ஜெயித்தது நான்தான் என்று நினைத்தால், எங்கள் சமையலறைக்கு வந்து பாருங்கள். அண்ணாச்சியின் ஓட்டு வீடு தாழ்வாக இருந்ததால்தான் இத்தனை வருஷம் அவ்வளவு வெளிச்சம். ஒரு மீட்டர் தள்ளிக் கட்டினாலும் மாடி மாடிதான். பத்து மணி வரை வந்துகொண்டிருந்த வெயில், தரைத்தளச் சுவர் எழும்பியதும் எட்டரைக்கே எழுந்து போய்விடுகிறது. மாடியும் ஏறினால் அதுவும் இருக்காது. அது விதிப்படி. அதற்கு மேல் கேட்க எனக்கு வாயும் இல்லை, மனசும் இல்லை. அடுப்புக்கு மேலே ஒரு எல்.இ.டி. டியூப் போட்டிருக்கிறேன். அம்மா அதைப் போடுவதில்லை. அரிசித் தட்டை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணைக்குப் போய்விடுகிறாள்.

அண்ணாச்சி சம்சாரத்துக்கும் அம்மாவுக்கும் இரண்டு மாதமாகப் பேச்சில்லை. அம்மா முறுக்கு சுட்டு அனுப்பிய எவர்சில்வர் தட்டு இன்னும் அந்த வீட்டில்தான். வெறும் தட்டாகத் திருப்பித் தரக்கூடாது என்று வைத்திருக்கிறார்களா, தருவதாகவே இல்லையா என்று தெரியவில்லை.

வருகிற வியாழக்கிழமை தரைத்தளத்துக்குக் கூரை கான்கிரீட். வேலையாட்களுக்குப் பிரியாணி. அண்ணாச்சி நேற்று மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அம்மாவையும் கூட்டிட்டு வரணும்" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "தனியா சைவம் இருக்கான்னு கேளு" என்றாள்.