அறிக்கை கோப்பில், நாம் லயத்தில்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்நேரம் பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். ஆனால் திரும்பி வர அவர்களுக்கு வீடு இருக்கவில்லை.

அந்த மலையின் ஆபத்து யாருக்கும் தெரியாததல்ல. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு செய்து, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆய்வு சரியாகவே இருந்தது. மக்கள்தான் அதே லயத்தில் இருந்தார்கள்.

ஏன்? மண்ணைப் படித்தவர் ஆபத்தைச் சொல்லலாம். காணி கொடுப்பது அவர் கையில் இல்லை. காணிக்கு ஒரு கதவு, வீட்டுக்கு ஒரு கதவு, பணத்துக்கு இன்னொரு கதவு. கதவு கதவாக அறிக்கை போய்ச் சேர்வதற்குள் மழை வந்துவிடுகிறது.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 பெய்தால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 பெய்தால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேறிவிட வேண்டும். இது அந்நிறுவனம் வகுத்த அளவு. நல்ல வேலை. ஆனால் சிவப்பு எச்சரிக்கை வரும் நாளில் நம் தாய்மார் கேட்பது வேறு: “பிள்ளைகளோடு எங்கே போவது? இன்றைய பேர் போய்விடுமா? மாட்டை யார் பார்ப்பது?” இதற்கு ஆய்வாளரிடம் பதில் இல்லை. தோட்ட நிர்வாகமும் பிரதேச செயலகமும் சங்கமும் கூடித்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம்மிடமும் அறிவு இருக்கிறது. எந்தக் கான் அடைத்திருக்கிறது என்று கான் வெட்டுகிறவருக்குத் தெரியும். எங்கே நிலம் வெடித்தது, எந்த மரம் சாய்ந்தது, எந்த ஊற்று கலங்கி வருகிறது என்று கொழுந்தெடுக்கும் அக்காமாருக்குத் தெரியும். ஆய்வாளர்கள் தேடும் அறிகுறிகளும் இவைதான்.

ஆகவே நாம் கேட்பது இது. ஆய்வாளர், பொறியியலாளர், கிராம உத்தியோகத்தர், தோட்ட நிர்வாகம், தோட்டத் தலைவர், தலைவிமார் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஆய்வறிக்கையைத் தமிழில் பிரட்டுக்களத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். வெளியேறச் சொல்லும் நாளுக்குப் பேர் போட வேண்டும். ஆபத்தென்று குறித்த லயத்துக்கு மாற்றுக் காணி எங்கே, எப்போது என்று எழுத்தில் தர வேண்டும்.

நம் பங்கையும் செய்வோம். வாயும் அடியும் ஒரே அகலமான போத்தலை வெட்டவெளியில் வைத்து, அடிமட்டத்தால் அளந்தால் போதும். ஏழரை சென்ரிமீற்றர் தண்ணீர் என்றால் 75 மில்லிமீற்றர் மழை. இதை எங்கள் பாடசாலைப் பிள்ளைகளே செய்வார்கள். நிலத்தில் வெடிப்பைக் கண்டால் அன்றைக்கே தலைவரிடம் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அழையுங்கள்.

தலைவர்மாரே, அடுத்த மழைக்கு முன் இந்தக் கோரிக்கைகளை எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள். கொடுத்த திகதியைக் குறித்து வையுங்கள்.