உள்ளறைக்கு எட்டும் அழைப்பு



வளைகுடாவிலிருந்து மகன் அழைக்கிறான்; உள்ளறையில் படுத்திருக்கும் உம்மாவின் கைப்பேசிக்கோ சிக்னல் எட்டவில்லை. கனத்த சுவர்களுடைய நம் பழைய வீடுகள் பலவற்றில் இதுதான் நிலை. இதற்கு வழி வைஃபை அழைப்பு. 2019 டிசம்பரில் ஏர்டெலும் அடுத்த மாதமே ஜியோவும் இதனை நம் நாட்டில் தொடங்கின. கோபுரத்து அலைக்குப் பதிலாக, வீட்டு இணைய இணைப்பின் வழியே அதே எண்ணுக்கு அழைப்பு வந்து சேரும். மறுமுனையில் பேசுபவருக்குத் தனிச் செயலியோ வைஃபையோ தேவையில்லை.

இவ்வசதியுள்ள சிறிய கைப்பேசிகளுள் 2021இல் வெளிவந்த ஐபோன் 13 மினி ஒன்று. திரை 5.4 அங்குலம். முதிய கைக்கு இதமாக அடங்கும், முதிய கண்ணுக்கு? எழுத்தைப் பெரிதாக்கினால் சில வரிகளே திரையில் நிற்கும். குர்ஆன் ஓத அவர்கள் அச்சுப் பிரதியையே நாடுவர். (அதுவும் நல்லதே!) பேட்டரியும் சிறிது. காணொளி 17 மணி நேரம் ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. சற்றுப் பெரிய ஐபோன் 13க்கோ 19. 2023இல் ஆப்பிள் இதன் விற்பனையை நிறுத்திவிட்டது. எனவே பழையதை வாங்குவோர் பேட்டரியின் நிலையை அறிந்தே வாங்குக.

மின்சாரம் போனால் மோடமும் அணையும்; உம்மா முற்றத்திற்கு எழுந்து வரவேண்டியதுதான். கைப்பேசிக்கு முன், மோடத்திற்கு ஒரு சிறு யுபிஎஸ் வாங்கிவிடுங்கள்.