நுனியை வெட்டினால் நீளம் குறையுமா?

முடி வளர்த்துக்கொண்டிருக்கிற ஒருவரிடம் "நுனியை ஒருக்கா வெட்டிவிடன்" எண்டு சொல்லிப் பாருங்கள். முகம் மாறிப்போகும். ஆறு மாதம் பொறுத்து வளர்த்த மூன்று அங்குலத்தைப் பறிக்க வந்த ஆள் மாதிரித்தான் எங்களைப் பார்ப்பினம்.

அந்தப் பயம் விளங்குது. ஆனால் அந்தப் பயத்தை நம்பித்தான் ஒரு சந்தையே ஓடுகிறது. வெடித்த நுனியைத் 'திருத்தித் தரும்' சீரம், ஹெயார் மாஸ்க், கெரட்டின் சிகிச்சை எண்டு மாணவர்களின்ர கைக்காசு போய்க்கொண்டே இருக்கிறது. என்ர கருத்து இதுதான்: வெடித்த நுனியை யாராலும் திருத்த முடியாது. அதை வெட்டலாம், மிச்சத்தை இனி வெடிக்காமல் பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

முடியின் உயிருள்ள பகுதி தோலுக்குக் கீழே வேரில் இருக்கிறது. வெளியே நாங்கள் பார்ப்பது கெரட்டின் என்ற உயிரற்ற புரதம். கையில் வெட்டுக்காயம் பட்டால் ஆறும், முடி பிளந்தால் ஆறாது. ஒவ்வொரு இழையையும் சுற்றி மீன்செதில் மாதிரி அடுக்கடுக்காக ஒரு மேற்படை உண்டு. சீப்பு, வெயில், சூடு, துவாய், தலையணை எல்லாம் அதை உரசித் தேய்க்கும். செதில் போன இடத்தில் உள்ளே இருக்கிற நார்கள் பிரிந்து வெளியே வரும். நுனி வெடிப்பு எண்டு நாங்கள் சொல்லுறது இதைத்தான்.

சராசரியாக முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். அப்படியெண்டால் முப்பது அங்குல முடியின் நுனிக்கு வயது ஐந்து. இப்ப கம்பஸ் இரண்டாம் வருடத்தில் இருக்கிற ஒருத்தியின் நுனி, அவள் ஏ.எல். வகுப்புக்குப் போன காலத்தில் முளைத்தது. முழுகின ஈரம் காய முதலே இறுக்கிப் பின்னின ரெட்டைப் பின்னல், காலமை பஸ் நெரிசல், பின்னேர டியூஷனுக்குச் சைக்கிளில் போன வெயில் எல்லாம் அந்த நுனி பட்டது. பிறகு ஸ்ட்ரெயிட்னர் வந்தது. யாழ்ப்பாணத்தில் போர்டிங் எண்டால் கிணற்றுத் தண்ணீரும் சேரும். குடாநாடு இருப்பது சுண்ணாம்புக் கல்லின் மேலே. விஞ்ஞானப் பாடத்தில் நீரின் வன்மை எண்டு படித்தது கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அதே தண்ணியில் முழுகினால் முடி முரடாகும், சிக்கு கூடும். சிக்கு கூடினால் சீப்பு இழுக்கும், இழுத்தால் முறியும்.

இதில் இரண்டு பக்கமும் எங்களுக்குப் பிழையாகச் சொல்லித் தருகினம். வீட்டில் "வெட்டினால் பிறகு வளராது" என்பினம். சலூனில் "ஆறு கிழமைக்கு ஒருக்கா வெட்டினாத்தான் வளரும்" என்பினம். நுனியில் நடப்பது வேருக்குத் தெரியாது. வெட்டினாலும் விட்டாலும் அது தன் வேகத்தில்தான் வளரும். சலூன் கணக்கைப் பாருங்கள்: ஆறு கிழமையில் வளர்வது முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. "கொஞ்சம்தான்" எண்டு ஒரு அங்குலம் வெட்டினால் எந்தக் காலத்திலும் நீளம் கூடாது. அதேநேரம் வெட்டவே வெட்டாமல் விட்டால் பிளவு மேலே ஏறி, இழை இடையில் முறியும். மேலே வளர்ந்த அளவு கீழே உதிரும். "என்ர முடி இதுக்கு மேல வளராது" எண்டு சொல்லுற கனபேருக்கு நடப்பது இதுதான். நாலு மாதத்தில் இரண்டு அங்குலம் வளரும். அதில் அரை அங்குலம் வெட்டினாலும் ஒன்றரை அங்குலம் லாபம். நுனி நல்லா இருந்தால் அதுவும் தேவையில்லை.

மிச்சத்தைக் காப்பாற்றப் பெரிய செலவில்லை. முழுக முதல் தேங்காய் எண்ணெய் வைப்பதில் விஷயம் இருக்கிறது. 2003இல் வெளியான ஒரு இந்திய ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டது. முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான், அது இழைக்குள்ளே போகக்கூடியது என்பதால். அம்மம்மாவுக்கு ஆய்வு தேவைப்படவில்லை. ஷாம்பூ மண்டைத்தோலுக்கு, கண்டிஷனர் நுனிக்கு. ஈரமுடி இலகுவாக முறியும். அதனால் துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அகலப் பல்லுச் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே போங்கள். படுக்கும்போது தளர்வாகப் பின்னுங்கள். காசு கட்டும் ரப்பர் பாண்ட் தலைக்கு வேண்டாம். வெட்டுகிற கத்தரிக்கோல் கூர்மையாக இருக்கவேணும், மொட்டைக் கத்தரிக்கோல் நுனியை நசித்து அடுத்த வெடிப்பைத் தொடக்கிவிடும். சீரம் வாங்கவே கூடாது எண்டு நான் சொல்லவில்லை. அதில் இருக்கிற சிலிக்கோன் இழைக்கு ஒரு பூச்சுப் போடும், உரசல் குறையும், மினுங்கும். முழுகினால் கழுவுப்பட்டுப் போகும். அந்த வேலைக்குத்தான் காசு குடுக்கிறம் எண்டு தெரிந்து வாங்கினால் சரி.

இவ்வளவு தெரிந்தும் ஏன் வெட்டப் பயப்படுகிறம்? நீளத்தை அளக்கிறது நாங்கள் மட்டும் இல்லை. சொந்தக்காரர், அயலட்டை, கலியாணம் பேச வாற ஆக்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் அளவுகோலோட நிற்கினம். "பொம்பிளைப் பிள்ளைக்குத் தலைமயிர்தான் வடிவு" எண்டு சொல்லுகிற ஒருவரும் நுனியை எடுத்துப் பார்ப்பதில்லை. அவை பார்ப்பது பின்னல் எங்கே முடியுது எண்டுதான். அதனால் எலிவால் மாதிரி மெலிந்த நுனியைப் பின்னலுக்குள் மறைத்துக்கொண்டு, அந்த நீளத்தைக் காவித் திரிகிறம்.

பெடியளுக்கு இது தலைகீழ். இரண்டு அங்குலம் வெட்டினவளிடம் "ஏன் வெட்டினனி?" எண்டு கேட்கிற அதே வீடு, முடி வளர்க்கிற தம்பியிடம் "எப்ப வெட்டப்போறாய்?" எண்டு கேட்கும். காவாலி எண்ட பட்டமும் சேர்த்துக் கிடைக்கும். ஒரு சிக்கு எப்படி எடுக்கிறது எண்டு அவனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுப்பதில்லை, அது பொம்பிளையளின்ர அறிவு எண்டு ஒதுக்கி வைத்தாச்சு. சின்ன வயதில் தலை இழுத்துவிட ஆள் இருந்த எங்களுக்காவது அது தெரியும். கேட்கிற பெடியளுக்குச் சொல்லிக் குடுங்கோ, சிரிக்காதேங்கோ.

இரண்டு கேள்வியும் ஒரே இடத்தில் இருந்துதான் வருகிறது: உன்ர தலையில இருக்கிறது உன்ர முடிவு இல்லை எண்ட நினைப்பில் இருந்து. வளர்க்கிறதும் வெட்டுறதும் அவரவர் விருப்பம். அடுத்த போத்தல் வாங்க முதல் நுனியை எடுத்து வெளிச்சத்தில் ஒருக்கா பாருங்கள். வெடித்திருந்தால் வெட்டுங்கள். ஏன் வெட்டினனி எண்டு யாரும் கேட்டால், வளர்க்கிறதுக்குத்தான் எண்டு சொல்லுங்கோ.