ஆளில்லாத அறையில் யாருக்காக நடிப்பது?

போன ஆவணியில் மதுரையில் எங்கள் சித்தி மகனுக்குக் கல்யாணம். "ரெண்டாம் பந்தியில ஒண்ணா உட்காருவோம்" என்று என்னிடம் சொல்லியிருந்த அண்ணன், நண்பர்கள் இழுத்தார்கள் என்று முதல் பந்தியிலேயே சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்தான். நடந்தது அவ்வளவுதான். இது ஒரு விஷயமே இல்லை என்பது எனக்கும் தெரியும். என் உடம்புக்குத்தான் தெரியவில்லை. நெஞ்சு அடைத்தது, காது சூடேறியது. இவனுக்கு நான் வேண்டாதவள், யாருக்குமே வேண்டாதவள் என்ற ஒரே எண்ணம் மண்டபம் முழுவதையும் மூடிவிட்டது. சமையல்கட்டில் ஒரு கிண்ணம் ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டு மாடி அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டேன். வாளித் தண்ணீரில் ஐஸைக் கொட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை அமிழ்த்தி முப்பது எண்ணினேன். மூன்றாவது முறை முகத்தை எடுத்தபோது வராந்தாவில் பெரியம்மாவின் குரல்.

"அவளுக்கு ஒண்ணுமில்லடி. நாலு பேர் தன்னையே பாத்துக்கிட்டு இருக்கணும். சின்னதுலேருந்தே நல்லா நடிப்பா."

பெரியம்மா, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களோடு சேர்ந்து தலையாட்டிய மூன்று அத்தைமார்களுக்கும், இதே சொல்லை வேறு வீட்டு வராந்தாக்களில் சொல்லிக்கொண்டிருக்கும் எல்லோருக்கும். அந்தக் கதவு தாழிட்டிருந்தது. உள்ளே நான் ஒருத்திதான் இருந்தேன். நடிப்பு என்றால் பார்ப்பதற்கு ஒரு ஆளாவது வேண்டாமா?

எனக்கு இருப்பதை மருத்துவர்கள் பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர் என்கிறார்கள். தமிழில் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு. 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க மருத்துவர், நியூரோசிஸ் என்ற லேசான மனநோய் என்றும் சொல்ல முடியாமல் சைக்கோசிஸ் என்ற கடும் மனநோய் என்றும் சொல்ல முடியாமல் நடுவில் நின்ற நோயாளிகளை இந்த எல்லைக்கோட்டில் வைத்தார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அது முறையாக இடம்பெற்றது. பெயர் மோசமான பெயர். ஆளுமைக் கோளாறு என்று கேட்ட உடனே ஆளே கோளாறு என்றுதான் காதில் விழுகிறது. மருத்துவர் இந்தப் பெயரை எழுதிக் கொடுத்த தாளை என் அம்மா படித்துவிட்டு, "நான் உன்னை ஒழுங்கா வளர்க்கலையா?" என்று கேட்டு அழுதார்.

பெயரை விடுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உங்களுக்கும் கோபம் வருகிறது, பயம் வருகிறது. அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி மெல்ல ஏறி, தீயைக் குறைத்தால் இறங்கிவிடுகிறது. எனக்கு அது ஏறுவதே தெரியாது. பொங்கி வழிந்த பிறகுதான் தெரியும். இறங்குவதற்கோ அரை நாள் ஆகும். இறங்கி முடிவதற்குள் இன்னொன்று வந்துவிடும். காலையில் உயிராகத் தெரிந்த ஒருவர் மாலையில் ஒரு போனை எடுக்காவிட்டால் எதிரியாகத் தெரிவார். இரண்டுமே அந்தந்த நேரத்தில் எனக்குச் சத்தியம். இது முடிந்த பிறகு வருகிற வெட்கம் இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசியதெல்லாம் ஞாபகம் வரும், எதிரில் இருந்தவரின் முகம் ஞாபகம் வரும். மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லே என் வாயில் தேய்ந்துபோனது. நடிக்கிறவளுக்கு இந்த வெட்கம் எதற்கு?

மார்ஷா லினஹன் என்று ஒரு அமெரிக்கப் பெண்மணி. 1961இல், 17 வயதில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 26 மாதம் அங்கே இருந்தார். தன் உடலைத் தானே ஓயாமல் காயப்படுத்திக்கொண்டதால், காயப்படுத்திக்கொள்ள எந்தப் பொருளும் இல்லாத தனியறையில் அடைத்தார்கள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். அந்த அறையில் அந்தப் பெண் சுவரிலும் தரையிலும் தலையை மோதிக்கொண்டாள். மனச்சிதைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். எதுவும் உதவவில்லை. அந்த மருத்துவமனையிலேயே மிக மோசமான நிலையில் இருந்தவர்களில் ஒருத்தி என்றுதான் அவளைப் பற்றி எழுதிவைத்தார்கள்.

வெறும் அறை. ஆள் இல்லை. அவள் யாருக்கு நடித்தாள் பெரியம்மா?

அந்தப் பெண் வெளியே வந்து, படித்து, 1971இல் முனைவர் பட்டம் வாங்கி, சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தன்னைப்போல் துடிக்கிறவர்களுக்கென்றே ஒரு சிகிச்சையை உருவாக்கினார். டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டிபிடி. வாரம் ஒரு முறை தனியாகச் சிகிச்சையாளரோடு, வாரம் ஒரு முறை வகுப்பு போலக் குழுவோடு. இடையில் தாங்க முடியாமல் போனால் போனில் கூப்பிடலாம். சாதாரணமாக ஒரு வருடம். இந்தச் சிகிச்சை எடுத்தவர்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது என்று 1991இல் ஆய்வு வெளியிட்டுக் காட்டினார். நான் ஐஸ் தண்ணீரில் முகத்தை வைப்பது அந்தப் பாடத்தில் ஒன்று. குளிர்ந்த நீரில் முகம் பட்டு மூச்சும் நின்றால் உடம்பு தானாகவே இதயத் துடிப்பைக் குறைக்கும். பாலூட்டிகளுக்கெல்லாம் உள்ள அனிச்சைச் செயல் அது. (இதய நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.) மனம் பேச்சைக் கேட்காத நேரத்தில் உடம்பு வழியாகப் போய் அதைப் பிடிக்கிறோம். இன்னொரு பாடம், உணர்ச்சி இழுக்கிற திசைக்கு எதிர்த் திசையில் ஒரு காரியம் செய்வது. ஓடி ஒளியத் தோன்றினால் திரும்பிப் போய் உட்கார வேண்டும். கத்தத் தோன்றினால் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். எழுதும்போது எளிதாக இருக்கிறது. கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

2011இல், 68 வயதில், லினஹன் அதே ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனைக்குத் திரும்பிப்போய், அரங்கம் நிறைந்த மருத்துவர்கள், உறவினர்கள் முன்னால், அந்தப் பெண் நான்தான் என்று முதல்முறையாக வெளிப்படையாகச் சொன்னார். ஐம்பது வருடம் பொத்திவைத்திருந்தார். கவனம் வேண்டிச் செய்கிறவர் ஐம்பது வருடம் பொத்திவைப்பாரா?

நானும் மறைத்தேன். 23 வயதில், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, யாருக்கும் தெரியக் கூடாது என்று தாழ் போட்டுக்கொண்டு என் கையைக் காயப்படுத்திக்கொண்டேன். அம்மா தற்செயலாகப் பார்த்து அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போனார். தையல் போட்டவர் நிமிர்ந்தே பார்க்காமல், "யாரைம்மா பயமுறுத்துறதுக்கு இதெல்லாம்?" என்றார். அம்மா அந்த மேஜையோரம் நின்ற நிலை இன்றும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு இரண்டு கோடைக்காலம், சித்திரை வெயிலில், முழுக்கை ரவிக்கைதான் போட்டேன். கேட்டவர்களிடம் ஃபேஷன் என்றேன். எல்லோரும் பார்க்க வேண்டும் என்று செய்தவள் முழுக்கை போட்டு மூடுவாளா? இந்தக் கேள்விக்கு இதுவரை ஒருவரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

"சாகறேன்னு சொல்றவ சாகமாட்டா, குரைக்கிற நாய் கடிக்காது" என்று இன்னொன்று சொல்வீர்கள். இதை என் முன்னாலேயே சொல்லியிருக்கிறீர்கள். பழைய நீண்டகால ஆய்வுகளில் இந்த நோய் உள்ளவர்களில் எட்டு முதல் பத்து சதவீதம் பேர் வரை தற்கொலையில் இறந்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் முன்னாலேயே வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள், எத்தனை பேருக்கு இந்தப் பழமொழி பதிலாகக் கிடைத்திருக்கும்? இது ஆளைக் கொல்கிற பழமொழி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்கிறது. சட்டப் புத்தகத்துக்கே புரிந்துவிட்டது. 14416 என்று அரசே ஒரு இலவச எண் வைத்திருக்கிறது, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். பழமொழி சொல்கிற நேரத்தில் அந்த எண்ணைச் சொல்லலாமே.

சினிமாவையும் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. 2005இல் 'அந்நியன்' வந்தது, 'சந்திரமுகி' வந்தது. அன்றிலிருந்து பெர்சனாலிட்டி என்று வாயைத் திறந்தாலே, "ராத்திரில வேற ஆளா மாறிடுவியா?" என்று கேட்கிறார்கள். எனக்குள் இன்னொருத்தி இல்லை. கண்ணை உருட்டுகிறவளும் இல்லை. இருப்பவள் ஒருத்திதான், அவளுக்குத் தோல் மட்டும் இல்லை. உடம்பில் தொண்ணூறு சதவீதம் தீக்காயம் பட்டவர்களோடு எங்களை ஒப்பிட்டார் லினஹன். மற்றவர்களுக்குத் தொடுதலாக இருப்பது எங்களுக்கு வலி.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். நம் வீட்டில் பெரிய மாமா சாம்பாரில் உப்புக் குறைந்தால் தட்டை விட்டெறிவார். தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு மூன்று வருடம் பேசாமல் இருந்தார். ஒருமுறை குடித்துவிட்டுக் கிணற்றடியில் போய் நின்றுகொண்டு ஊரையே கூட்டினார். அவரை யாராவது நடிகர் என்றீர்களா? "கோபக்காரர், ஆனா மனசு தங்கம்" என்றீர்கள். அதே கொந்தளிப்பு எனக்கு வந்தால் நடிப்பு. அமெரிக்காவில் மருத்துவமனைக்கு வெளியே பொதுமக்களிடம் கணக்கெடுத்துப் பார்த்தபோது இந்த நோய் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. மாமாவுக்கு இந்த நோய் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆனால் அவரையும் யாரும் எங்கும் அழைத்துப்போகவில்லை. தங்கம் என்று சொல்லிச் சொல்லியே அவரைத் தனியாக விட்டீர்கள். நடிகை என்று சொல்லி என்னை.

பிறகு அந்தக் கால்கட்டு யோசனை. "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்." உறவு அறுந்துவிடுமோ என்கிற பயம்தான் இந்த நோயின் உயிர்நிலை. அந்தப் பயத்தில் துடிக்கிற ஒரு பெண்ணை, ஒரே நாளில் பெற்ற வீட்டிலிருந்து பிரித்து, முன்பின் தெரியாத வீட்டில், முன்பின் தெரியாதவனிடம், நோயையும் சொல்லாமல் ஒப்படைப்பதை மருந்து என்கிறீர்கள். எனக்கு அப்படிப் பேச்செடுத்தபோது அப்பா ஒருவர்தான் குறுக்கே நின்றார். அவர் நிற்காமல் போயிருந்தால் நான் இதை எழுத இருந்திருப்பேனா என்று தெரியவில்லை.

நடிப்பு என்ற சொல் வலிக்கிறது என்பதற்காக மட்டும் நான் இவ்வளவு கோபப்படவில்லை. அந்தச் சொல்லுக்கு இந்த நோயிலேயே பங்கு இருக்கிறது. பிறவியிலேயே உணர்ச்சி மிகுந்த ஒரு குழந்தை. அது அழும்போதெல்லாம் "ஒண்ணுமில்ல, சும்மா சீன் போடாத" என்று தள்ளிவிடும் ஒரு சூழல். இந்த இரண்டும் சேர்ந்து வருடக்கணக்கில் ஒன்றையொன்று வளர்க்கும்போதுதான் இது உருவாகிறது என்பது லினஹன் 1993இல் எழுதிய புத்தகத்தின் அடிப்படை. தன் வலி நிஜமா என்று குழந்தைக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. மெல்லச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, கத்தினால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதையும் அது கற்றுக்கொள்கிறது. கத்தக் கற்றுக்கொடுத்துவிட்டு, கத்துகிறாள் என்று குற்றம் சொல்கிறோம். அன்று அதே மண்டபத்தில், பலூன் உடைந்ததற்கு அழுத நம் சித்தி பேத்தியிடம், "பாரு, அத்தை மாதிரியே நடிக்கிது" என்று யாரோ சொன்னதைக் கேட்டேன். அந்தக் குழந்தைக்கு ஐந்து வயது.

இது குணமாகாது என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாஸ்டன் அருகே மக்லீன் மருத்துவமனையில் மேரி ஜனாரினி என்ற ஆய்வாளர் இந்த நோய் உள்ள 290 பேரை 1992 முதல் தொடர்ந்து கவனித்தார். பத்து வருடத்தில் 93 சதவீதம் பேருக்கு நோயின் அறிகுறிகள் குறைந்து, குறைந்தது இரண்டு வருடமாவது அப்படியே நீடித்தது. வேலை, உறவு எல்லாம் சேர்த்து வாழ்க்கையே மீண்டவர்கள் பாதிப் பேர். இந்த நோய்க்கென்றே ஒப்புதல் பெற்ற மாத்திரை ஒன்றுகூடக் கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வுக்கு மாத்திரை உதவலாம். பேச்சும் பயிற்சியும் பொறுமையும்தான் சிகிச்சை. நம் ஊரில் டிபிடி முறையாகத் தெரிந்தவர்கள் பெரிய நகரங்களில்தான் கிடைக்கிறார்கள். நான் வாரம் ஒரு நாள் மதுரையிலிருந்து சென்னைக்கு இரவு ரயில் ஏறினேன். அந்த இரண்டு வருடமும் உங்களிடம் அலுவலக வேலை என்று சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று இப்போது வராந்தாவில் கேட்டுவிட்டேன்.

அன்று நான்காவது முறையும் முகத்தை அமிழ்த்திவிட்டு, துடைத்து, பொட்டு வைத்துக்கொண்டு கீழே வந்தேன். மூன்றாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. அண்ணன் எனக்காகத் தன் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான். அவன் இலையில் வெறும் பாயசம் மட்டும் இருந்தது. நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிர் வரிசையிலிருந்து, "இப்பப் பாரு, எப்படிச் சிரிக்கிறா" என்று உங்கள் உதடு அசைந்ததையும் பார்த்தேன்.

தை மாதம் உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வருவேன் பெரியம்மா. நடுவில் எழுந்து போக நேரலாம். இருபது நிமிடம் ஆகும். கதவைத் தட்டாதீர்கள். ஃப்ரிட்ஜில் கொஞ்சம் ஐஸ் மட்டும் வைத்திருங்கள்.