வீட்டாருக்குத் தெரியாதாம்!

போர்முனையிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதத்தில் என்ன இருக்கும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். 'நலம், நலமறிய ஆவல். இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. என்னை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.' வெளியே குண்டு விழும். உள்ளே மெழுகுவத்தி வெளிச்சத்தில் இளம் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவுக்கு இந்த மூன்று வரியை எழுதுவான். சினிமா இந்தக் காட்சியைக் காட்டிக் காட்டித் தேய்த்துவிட்டது. முதல் உலகப் போரைப் பற்றிய பேச்சிலும் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது: களத்தில் நின்றவன் உண்மையைச் சொல்லவில்லை, சொல்லத் தணிக்கை விடவில்லை, ஆகவே வீட்டிலிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

கேட்க உருக்கமாக இருக்கிறது. கடிதங்களைப் பிரித்துப் படித்தால் இந்தக் கதை நிற்காது.

1917 ஜனவரி 16. பிரான்சின் சோம் பகுதியிலிருந்து செகண்ட் லெப்டினன்ட் ஒருவர் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் இருக்கும் தாய்க்குக் கடிதம் எழுதுகிறார். வயது 23. மான்செஸ்டர் ரெஜிமென்ட்டின் 2-ஆவது பட்டாலியனில் வந்து சேர்ந்து சில வாரம்கூட ஆகவில்லை. கடந்த நான்கு நாள் பட்ட பாட்டை உங்களிடம் மறைக்க எந்தக் காரணமும் தென்படவில்லை என்று அவரே சொல்லிவிட்டுத்தான் விவரத்துக்குள் போகிறார். இரு படைகளுக்கும் நடுவே கிடந்த வெட்டவெளியில் ஒரு நிலவறை. அதில் 25 பேர் நெருக்கியடித்துக்கொண்டு 50 மணி நேரம். தரையில் ஓரடி, இரண்டடித் தண்ணீர். படிக்கட்டில் காவல் நின்ற பையன் ஒருவன் குண்டு அதிர்ச்சியில் கீழே தூக்கியெறியப்பட்டான். அவனுக்குக் கண் போய்விட்டதோ என்று பயமாயிருக்கிறது என்கிறார். முழங்காலுக்கு மேல் மெதுவாக ஏறிக்கொண்டிருந்த தண்ணீரில் மூழ்கிப்போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியதையும் எழுதுகிறார். தாய்க்கு!

அந்த லெப்டினன்ட் வில்பிரெட் ஓவன். பிற்பாடு பெரிய கவிஞராக அறியப்பட்டவர் என்பதால் இதைக் கவிஞரின் மிகை என்று தள்ளிவிட வேண்டாம். அன்று அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பிப்ரவரி 4-ஆம் தேதிக் கடிதத்தில், பனியில் கிடந்த தன் ஆட்களில் ஒருவன் குளிரில் விறைத்தே செத்துப்போனான் என்று எழுதினார். புதைக்க முடியாத பிணங்கள் நிலவறைக்கு வெளியே இரவும் பகலும் உட்கார்ந்திருப்பதையும் எழுதினார். ஏப்ரல் கடிதத்தில் 12 நாள் முகம் கழுவவில்லை, பூட்ஸைக் கழற்றவில்லை, ஆழ்ந்து தூங்கவில்லை என்ற கணக்கு வருகிறது. அவருடைய கடிதங்களில் கிடைத்திருப்பவை 670-க்கும் மேல்; 500-க்கும் மேற்பட்டவை தாய் சூசன் ஓவனுக்கு எழுதியவை. அந்த அம்மாவைப் பார்த்து 'உனக்கென்ன தெரியும்' என்று கேட்கும் துணிச்சல் யாருக்கு வரும்?

தணிக்கை என்ன செய்தது என்ற கேள்வி நியாயமானது. பிரிட்டிஷ் படையில் சிப்பாய்களின் கடிதங்களை அவர்களுடைய பிளட்டூன் அதிகாரிதான் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதிகாரியின் கடிதத்தை யார் படிப்பது? அவரே. அவருடைய கௌரவத்தை நம்பி விட்டுவிட்டார்கள். பின்தளத்தில் எப்போதாவது ஓர் உறை பிரிக்கப்படலாம், அவ்வளவுதான். தணிக்கை விதி முக்கியமாகத் தேடியதும் ஊர்ப் பெயர், படைப்பிரிவு, அடுத்த தாக்குதல் பற்றிய தகவல் ஆகியவற்றைத்தான். சேறு எவ்வளவு ஆழம், எலி எவ்வளவு பெரிது, நேற்றிரவு எவன் அழுதான் என்பதெல்லாம் எதிரிக்குப் பயன்படும் ரகசியங்களா? அந்த ஊர்ப் பெயரைக்கூட ஓவன் விட்டுவைக்கவில்லை. தாயும் மகனும் முன்கூட்டியே ஒரு குறிச்சொல் பேசி வைத்திருந்தார்கள். 'மிஸில்டோ' என்ற செடியின் பெயர் கடிதத்தில் வந்தால், அடுத்து வரும் வரிகளுக்குள் இடத்தின் பெயர் எழுத்தெழுத்தாக ஒளிந்திருக்கும். கௌரவம் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்றால் எது ஜெயிக்கும் என்று ராணுவத்துக்குத் தெரியாமலா இருக்கும்?

வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது என்ற நம்பிக்கையின் வேர் ஒரு குழப்பத்தில் இருக்கிறது. போர்முனையிலிருந்து வீடுகளுக்குப் போன தாள்கள் ஒரே வகைப்பட்டவை அல்ல. அச்சடித்த ராணுவ அஞ்சலட்டை ஒன்று இருந்தது. 'நான் நலம்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளேன்', 'உங்கள் பார்சல் கிடைத்தது' என்று வரிகள் வரிசையாக இருக்கும். பொருந்தாதவற்றை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டை கிழித்தெறியப்படும். போர்க் கடிதம் என்றாலே பொய் என்பவர்கள் தூக்கிக் காட்டுவது இந்த அட்டையைத்தான். ஆனால் அதே அட்டையில் இன்னொரு வரியும் உண்டு: முதல் வாய்ப்பில் கடிதம் எழுதுகிறேன் என்று. தாக்குதல் முடிந்த கையோடு 'உயிரோடிருக்கிறேன்' என்று தெரிவிக்கத்தான் அந்த அட்டை. தந்தியைப் படித்துவிட்டு 'இந்த ஆளுக்குப் பேசவே வராது' என்று முடிவு கட்டலாமா?

பொய்யான கடிதம் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை எழுதியவரும் இதே இளம் அதிகாரிதான். தன் பிளட்டூனில் ஒருவன் செத்தால் அவனுடைய பெற்றோருக்கோ மனைவிக்கோ எழுத வேண்டியது அவர் பொறுப்பு. அந்தக் கடிதங்களில் எல்லா மகன்களும் உடனே இறந்தார்கள், யாருக்கும் வலிக்கவில்லை, எல்லோரையும் எல்லோரும் நேசித்தார்கள். முள்கம்பியில் தொங்கியபடி ஒரு பகல் முழுக்க முனகியவனுக்கும் இதே வாசகம்தான். இருபது வயதுக்காரன் ஒருவன் முன்பின் பார்த்திராத தாய்க்கு வேறெப்படி எழுதுவான் என்று கேட்டால் பதில் இல்லை. தவறு அவனுடையதும் இல்லை. அந்த இரங்கல் கடிதத்தின் பொய்யை எடுத்து, அதே கை தன் சொந்த வீட்டுக்கு எழுதிய கடிதத்தின் மேல் ஏற்றுவதுதான் தவறு.

சொந்த வீட்டுக் கடிதத்தில் சண்டை குறைவாகவும் சாப்பாடு, காலுறை, தூக்கம் நிறையவும் இருக்கிறதே, அதுவே மூடிமறைப்புக்குச் சாட்சி இல்லையா என்பார்கள். இல்லை. ஜூனியர் அதிகாரியின் நாள் அப்படித்தான் கழிந்தது. சார்லஸ் காரிங்டன் என்ற இளம் அதிகாரி 1916-ஆம் ஆண்டைப் பிற்பாடு நாள்வாரியாகக் கணக்குப் பார்த்தார். முன்வரிசைப் பதுங்குகுழியில் 65 நாள், அதை ஒட்டிய ஆதரவு வரிசையில் 36 நாள். மிச்ச நாளெல்லாம் பின்வரிசை, ஓய்வு, பயணம், விடுப்பு. முன்வரிசை நாளிலும் பொழுது விடியும் முன் எல்லோரும் துப்பாக்கியோடு தயார் நிலையில் நிற்பார்கள். விடிந்ததும் ரம் ஒரு மடக்கு. பிறகு துப்பாக்கிகளைச் சோதிக்க வேண்டும். அதன்பின் கால்கள்.

கால் விஷயத்தைச் சற்று நின்று பார்க்கலாம். சேற்றுத் தண்ணீரிலேயே நின்றால் பாதம் வீங்கி, மரத்து, அழுகத் தொடங்கும். குண்டடி படாமலே ஒரு பிளட்டூன் நடக்க முடியாமல் போய்விடும். அதற்கு அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பள்ளிக்கூடத்தை விட்டு வந்து ஓராண்டுகூட ஆகாத பையன், தன் அப்பா வயதுச் சுரங்கத் தொழிலாளியைப் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்கு வரை குனிந்து பார்த்து, திமிங்கல எண்ணெய் தேய்க்கவைத்து, உலர்ந்த காலுறை மாட்டவைப்பான். இரவானால் முள்கம்பி கட்டும் வேலை, மணல்மூட்டை சுமக்கும் வேலை, காவல்காரன் தூங்கிவிட்டானா என்று மணிக்கொரு சுற்று. நடுவில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு ஆட்களின் கடிதங்களைப் படித்து முடித்துத் தன் கடிதத்தை எழுதுவான். காலுறையைப் பற்றி எழுதாமல் வேறெதைப் பற்றி எழுதுவான்?

வீட்டார் அதைப் புரிந்துகொண்டார்கள் என்பதற்குப் பார்சல்களே சாட்சி. அதிகாரிகள் தங்கள் சீருடை, கோட்டு, பூட்ஸ் முதலியவற்றைக் கடையில்தான் வாங்க வேண்டும். நீர் புகாத 'ட்ரெஞ்ச் கோட்' விளம்பரங்கள் லண்டன் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தன. மகனுக்குப் பேன் கொல்லும் பொடி வாங்கி அனுப்பிய தாய்க்கு, அவன் உடம்பில் பேன் ஊர்வது தெரியாதா? கம்பளிக் காலுறை பின்னிப் பின்னி அனுப்பியவளுக்குச் சேறு தெரியாதா? போரின் உச்சத்தில் வாரத்துக்கு ஒரு கோடியே 20 லட்சம் கடிதங்களை ராணுவ அஞ்சல் துறை கையாண்டது. இங்கிலாந்தில் போட்ட கடிதம் இரண்டு, மூன்று நாளில் பதுங்குகுழிக்கு வந்துவிடும். மௌனத்துக்கு இவ்வளவு தபால்தலை ஒட்ட மாட்டார்கள்.

கடிதம் மட்டுமல்ல. 1916 ஆகஸ்டில் 'சோம் சண்டை' என்ற ஆவணப்படம் திரைக்கு வந்தது. காயம்பட்டவர்களும் பிணங்களும் அதில் இருந்தார்கள். கொட்டகைகள் நிரம்பி வழிந்தன. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் லெப்டினன்ட் ரோலண்ட் லெய்ட்டன் தனக்கு நிச்சயமான பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். போர் பெருமைக்குரியது என்பவர்கள் இங்கே கிடக்கும் எலும்புக் குவியலை வந்து பார்க்கட்டும் என்ற பொருள்பட எழுதப்பட்ட, வெறுப்பு கொப்பளிக்கும் கடிதம். டிசம்பர் 23-இல் அவர் இறந்தார். சில வாரம் கழித்துச் சேறும் ரத்தமும் காய்ந்த சீருடை சசெக்ஸில் இருந்த பெற்றோர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மூட்டை பிரிக்கப்பட்ட சமயத்தில் அந்தப் பெண், வேரா பிரிட்டன், அங்கே இருந்தார். படித்தும் பார்த்தும் முகர்ந்தும் தெரிந்துகொண்ட இவர்களையெல்லாம் சேர்த்துத்தான் 'ஒன்றும் அறியாத வீட்டார்' என்கிறோம்.

அதே பிரான்ஸில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களுக்கு 'கௌரவ' நம்பிக்கை எதுவும் கிடையாது. அவர்களுடைய கடிதங்களைப் படிப்பதற்கென்றே தனித் தணிக்கை அலுவலகம் ஒன்று இருந்தது. கடிதச் செய்தி ஊரில் பரவினால் பஞ்சாபில் ஆள்சேர்ப்பு படுத்துவிடும் என்ற பயம். சிப்பாய்கள் சளைக்கவில்லை. கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, சிவப்பு மிளகாயை இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சமையல் குறிப்புப் போல எழுதினார்கள். கறுப்பு இந்தியர், சிவப்பு வெள்ளைக்காரர். தணிக்கை அதிகாரிக்கும் அது புரிந்தது, ஊரில் படித்தவர்களுக்கும் புரிந்தது. இது போரே இல்லை, உலகத்தின் முடிவு என்று பூச்சில்லாமல் எழுதியவர்களும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடச் சொல்லச் சொல்ல அடுத்தவரை எழுதவைத்து இதைச் சாதித்தார்கள்.

எல்லோரும் எல்லாவற்றையும் சொன்னார்கள் என்று வாதிட்டால் அது இன்னொரு பொய். தங்கைக்கு எலிக் கதையைச் சிரிப்பாக எழுதியவர், அதே நாளில் அண்ணனுக்கு வேறு விதமாக எழுதியிருப்பார். கடிதங்களை வைத்து 2009-இல் நூல் எழுதிய வரலாற்றாய்வாளர் மைக்கேல் ரோப்பர், மறைக்க முயன்ற இடங்களிலும் கலக்கம் எப்படிக் கசிந்தது என்று காட்டுகிறார். மகனின் கையெழுத்து மாறியிருந்தால் எந்தத் தாய்க்குத் தெரியாது?

பிறகு இந்த மௌனக் கதை எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பிற்பாடு வந்தது. 1928 டிசம்பரில் மேடையேறிய ஷெரிஃபின் 'ஜர்னீஸ் எண்ட்' நாடகத்தில் ஒரு கடிதத் தணிக்கைதான் முக்கியக் காட்சி. 1929-இல் வந்த ரெமார்க்கின் நாவலில் விடுப்பில் வந்த மகன் தாயிடம் அங்கே அவ்வளவு மோசமில்லை என்கிறான். இரண்டும் உயர்ந்த படைப்புகள், இரண்டும் கற்பனை. 1975-இல் பால் ஃபஸல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு நூல் அச்சடித்த அஞ்சலட்டையை ஒரு யுகத்தின் சின்னமாகவே ஆக்கிவிட்டது. ஃபஸல் தாமே இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட இளம் லெப்டினன்ட். அவருடைய கோபம் நியாயமானது, ஆனால் அது அவருடைய போரின் கோபம். திரும்பி வந்தவர்களில் பலர் வாய் திறக்காததும் உண்மை. ஆனால் அது போருக்குப் பிந்தைய மௌனம். அதைப் பின்னோக்கி இழுத்துக் கடிதங்களின் மேல் போர்த்தினார்கள். ஏனென்றால் அது எல்லோருக்கும் வசதி. வீட்டாருக்குத் தெரியாது என்றால், தெரிந்தும் நான்கு வருடம் ஏன் ஓட்டினார்கள் என்ற கேள்வியே எழாது. பழி முழுவதையும் தளபதிகளின் தலையிலும் தணிக்கையின் தலையிலும் போட்டுவிடலாம்.

ஓவனின் கடைசிக் கடிதம் 1918 அக்டோபர் 31-ஆம் தேதியிட்டது. ஓர்ஸ் ஊருக்கு அருகே வனக்காவலர் வீட்டு நிலவறையில் புகை சூழ, ஆட்கள் உருளைக்கிழங்கு உரிக்க, சிரிப்பும் நெருக்கமுமாக இருந்ததை எழுதியிருந்தார். நான்கு நாள் கழித்துக் கால்வாய்க் கரையில் கொல்லப்பட்டார். இதோ பார், மறைத்துவிட்டார் என்று இந்தக் கடிதத்தைக் காட்டுவோர் உண்டு. அன்று மாலை அந்த நிலவறை அப்படித்தான் இருந்தது. அதற்கு மேல் அவருக்கே தெரியாது. 1967-இல் அவர் கடிதங்கள் தொகுப்பாக வந்தபோது சில பகுதிகள் மையால் அடிக்கப்பட்டும் கத்தரிக்கப்பட்டும் இருந்தன. அந்த வேலையைச் செய்தது ராணுவத் தணிக்கை அல்ல. பதிப்பாசிரியர்களில் ஒருவரான சொந்தத் தம்பி ஹெரால்ட் ஓவன். தண்ணீர் ஏறிய நிலவறையும், குளிரில் விறைத்த ஆளும், வெளியே உட்கார்ந்திருந்த பிணங்களும் அவருக்கு உறுத்தவில்லை. அந்த வரிகளில் அவர் கை வைக்கவில்லை.