தோள் வேண்டாம், தெரு வேண்டும்

உறையூர்ப் பாணர் கதையைத் திருச்சிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்துக்குள் கால் வைக்கக் கூடாத சாதி. காவிரித் தென்கரையிலேயே நின்று பாடினார். தண்ணி எடுக்க வந்த லோகசாரங்கன் கல்லால் அடித்தான். பிறகு பெருமாளே உத்தரவு போட்டாராம், அவரைத் தோளில் தூக்கி வா என்று. உள்ளே போன பாணர் பத்துப் பாட்டுப் பாடி அங்கேயே ஐக்கியமாகிவிட்டாராம். திரும்பி வரவில்லை. இதைச் சமத்துவக் கதையாக இன்றும் உபன்யாசம் பண்ணுகிறார்கள். நான் கேட்பது இதுதான்: பாணரின் சாதிசனத்தில் எத்தனை பேர் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நடந்தார்கள்? சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவு எல்லோருக்கும் உரிமை என்று சட்டம் வர 1947 ஆனது. ஒருத்தரைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா மத்தவங்களுக்குத் தெருவைத் திறக்க வேண்டியதில்ல. தோளின் சூட்சுமம் அதுதான்.

2015 பிப்ரவரியில் இப்படி ஒரு தோள் வந்தது. அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து, தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் ஏழைகளுக்கு இலவச இணையம் தருகிறேன் என்றது பேஸ்புக். பின்னால் அதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். இலவசம் என்றது முப்பத்துச் சொச்சம் தளங்களைத்தான். பேஸ்புக் உண்டு, கூகுள் தேடல் கிடையாது, யூட்யூப் கிடையாது. யார் உள்ளே சேரலாம் என்ற விதியையும் அவர்களே எழுதினார்கள். நூலகம் மாதிரி, ஆஸ்பத்திரி மாதிரி இது என்று அந்த டிசம்பரில் இங்கிலீஷ் பேப்பரில் எழுதினார் சக்கர்பெர்க். எந்த நூலகத்தில் ஐயா புத்தக வியாபாரி வாசலில் உட்கார்ந்து, நீ படிக்க வேண்டியது இந்த அலமாரி மட்டும் என்கிறான்? ஐந்நூறு பிரதி அச்சடிக்கும் நம்ம பத்திரிகைக்காரன் அந்த அலமாரிக்கு மனுப் போட்டு நிற்க வேண்டியதுதான்.

எந்தத் தளத்துக்குப் போகிறாய் என்று பார்த்து விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம் என்று 2016 பிப்ரவரி 8இல் டிராய் ஆணையிட்டது. பேஸ்புக் கடையைக் கட்டியது. அதன் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசனுக்குப் பொறுக்கவில்லை. காலனிய எதிர்ப்பால்தான் இந்தியர்கள் பொருளாதாரத்தில் நாசமானார்கள் என்று ட்விட்டரில் எழுதி, அப்புறம் மன்னிப்புக் கேட்டார். வாய் தவறி வந்த வார்த்தை இல்லை அது. தோள் கொடுக்கிறவன் மனசு.

நம் தோழர்கள் சிலர் அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள்: "நெட் நியூட்ராலிட்டியெல்லாம் சாப்ட்வேர்காரங்க சண்டை, நமக்கென்ன?" பொதுக்குளத்துக்குப் போகும் உரிமை நமக்கென்ன என்று மகாடில் யாரும் கேட்கவில்லை. அந்தக் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924லேயே நகராட்சி தீர்மானம் போட்டிருந்தது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் மக்களோடு போய்க் கையில் அள்ளிக் குடிக்கும்வரை தீர்மானம் காகிதத்தில்தான் கிடந்தது. அள்ளிய பிறகும் அடி விழுந்தது.

இணையச் சமநிலையும் அப்படிக் காகிதத்தில் கிடக்கிறது. ஜெயித்தோம் என்று ஆங்கிலத்தில் கொண்டாடியவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தெருவுக்குள் வந்தவர்களைச் சமமாக நடத்து என்கிறது விதி. தெருவுக்குள் யார் வர முடியும் என்று அது கேட்பதே இல்லை. 2016 செப்டம்பரில் சும்மா தருகிறேன் என்று ஜியோ வந்தது. 2020 ஏப்ரலில் பேஸ்புக் 43,574 கோடி கொடுத்து ஜியோ பிளாட்பார்ம்ஸில் 9.99 சதவீதம் வாங்கியது. வாசலில் விரட்டினோம், பங்காளியாகத் திரும்பி வந்தான். 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் அடுத்தடுத்து விலையை ஏற்றின. ஜியோவின் 155 ரூபாய் ரீசார்ஜ் 189 ஆனது. அதுவும் 28 நாளைக்கு. மாதத்துக்கு 28 நாள் என்று கணக்கு வைத்தால் வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம்! கூலிக்காரன் பதின்மூன்றாவது மாசச் சம்பளத்தை எங்கே போய்க் கேப்பான்?

எங்க தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு போன். அம்மா விடியற்காலை குப்பை அள்ளப் போகும்போது அதுவும் கூடப் போய்விடும். கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஆதிதிராவிடர் உதவித்தொகைக்கு ஆன்லைனில்தான் விண்ணப்பிக்கணும். ஓடிபி அந்த போனுக்குத்தான் வரும். ரீசார்ஜ் தீர்ந்து சில நாளானால் அதுவும் வராது. காசில்லை என்று அரசாங்கத்திடம் சொல்லுவதற்கே முதலில் கம்பெனிக்குக் காசு கட்டணும். இதற்கு எந்தச் சமநிலையில் பதில் இருக்கிறது?

இணையம் படிப்புரிமையின் பகுதி என்று 2019இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழை வீடுகளுக்கு இலவச இணைப்பு என்று 2023இல் கே-ஃபோனைத் தொடங்கியது அந்த அரசு. இங்கேயும் டான்ஃபிநெட் இருக்கிறது. 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை என்பது திட்டம். ஊராட்சி அலுவலகம் பெரும்பாலும் எங்கே இருக்கும்? ஊருக்குள். சேரிக்கு அங்கிருந்து எத்தனை மீட்டர், யார் தெரு வழியாக வயர் வரணும், யார் மறிப்பான் என்பது நமக்குத் தெரியும். அந்தநல்லூர், மணிகண்டம் ஒன்றியத் தோழர்கள் அடுத்த கிராமசபையில் இந்த மீட்டர் கணக்கைக் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.