சுவடி பெயர்ப்போர் காட்டிய வழி



நாசரேத்தைச் சுற்றிப் பனைகள் மிகுதி. நம் முன்னோர் பனையோலையிலேயே எழுதினர். ஓலை செல்லரிக்கத் தொடங்கியதும் புதிய ஓலையில் படியெடுப்பர். படியைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்குமுன் பழையதைக் கைவிடுதல் அறிவுடைமையன்று. கணிப்பொறிக் கோப்புக்கும் இவ்வொழுங்கு பொருந்தும்.

ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பங்குதோறும் ஏடுகள் இருத்தல் வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் விதி. அவ்வேடுகளில் பெயர்களை விரைந்து தேடுவதற்கென மைக்ரோசாப்ட் ஆக்சஸ் கோப்பொன்றையும் நாம் வைத்துள்ளோம். கடைக்கணக்கையோ சங்கக்கணக்கையோ இவ்வாறு வைத்திருப்போர் உங்களுள்ளும் இருக்கலாம்.

இத்தகைய கோப்பில் ஒரு பதிவை அழித்தாலும் கோப்பின் அளவு குறைவதில்லை. தற்காலிகமாக எழுதப்படுவனவும் உள்ளே தங்கிவிடும். கோப்பு நாளடைவில் பருக்கும். 2 ஜிகாபைட்டே அதன் எல்லை. வீணிடத்தை நீக்கவும் பழுது பார்க்கவும் 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' என்னும் கட்டளை உண்டு. அது வீட்டைப் பெருக்குவது போன்றதன்று. சுவடி பெயர்ப்பது போன்றது. கோப்பு முழுவதையும் புதிதாக எழுதி, பழையதன் இடத்தில் வைக்கிறது. சிதைந்த பதிவைச் சில வேளை விட்டுவிடவும் கூடும்.

இதனை நாம் முன்பு உணரவில்லை. படியெடாமலே ஒருநாள் கட்டளையிட்டோம். கோப்பு இளைத்தது கண்டு மகிழ்ந்தோம். சில வாரங்கள் கழித்து, மணநாள் குறித்த மகளொருத்தி ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வந்தாள். கோப்பில் அவள் பெயர் இல்லை! தாயும் மகளும் கலங்கி நின்றனர். காகித ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியே அவ்வரியைக் கண்டெடுத்தோம்.

ஆகவே, மிகுதியான பதிவுகளை அழித்த பின்னரோ, கோப்பு காரணமின்றிப் பருத்தபோதோ மட்டும் இதைச் செய்யுங்கள், அன்றாடம் வேண்டா. முதலில் அனைவரும் கோப்பை மூடட்டும். அடுத்து ஒரு படியெடுத்துப் பென்டிரைவில் வையுங்கள். கோப்பு வேறொரு கணிப்பொறியில் இருப்பின், உங்கள் கணிப்பொறிக்குக் கொணர்ந்து செய்யுங்கள். இடையில் மின்சாரம் நின்றால் கோப்பு கெடக்கூடும்; யு.பி.எஸ். இன்றித் தொடங்காதீர்கள். முன்னும் பின்னும் பதிவுகளை எண்ணி ஒப்பிடுங்கள். எண்ணிக்கை ஒத்தாலும் பழைய படியை உடனே அழிக்காதீர்கள். மூடும்போதெல்லாம் தானே சுருக்கும் ஏற்பாட்டைப் பலர் ஆளும் கோப்பில் நிறுத்தி வைப்பதே நலம்.

அம்மகளின் திருமணம் குறித்த நாளில் இனிதே நடந்தேறியது. அன்று முதல், படியெடாமல் அக்கட்டளையை நாம் தொட்டதில்லை.